போன் ஓடுது, கம்ப்யூட்டர் நடக்குதா?

"டாக்டர், பையன் பன்னிரண்டாவது முடிச்சிட்டான். நல்ல போனா வாங்கித் தரட்டுமா, இல்ல லேப்டாப்பா? இப்பல்லாம் போனே கம்ப்யூட்டரை விட ஃபாஸ்ட்டாமே?"

மே, ஜூன் மாதங்களில் சளி, காய்ச்சலுக்கு அடுத்தபடியாக என் கிளினிக்கில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மருந்துச் சீட்டில் எழுதித் தர முடியாத பதில். ஆனால் 50,000, 60,000 ரூபாய் சமாச்சாரம், அதுவும் பெரும்பாலும் இ.எம்.ஐ. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். டீ குடிச்சிக்கிட்டே படிங்க.

"டாக்டருக்கு சிப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்று எவ்வளவு வேகமாக வளர்கிறது, அந்த வளர்ச்சி நார்மலா இல்லையா என்று பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை. குழந்தைகளுக்கு குரோத் சார்ட் போடுகிறோமே, அதே கண்ணோடுதான் இதையும் பார்க்கப் போகிறேன்.

பிறக்கும்போது குழந்தை சுமார் 50 செ.மீ. முதல் ஒரு வருடத்தில் மட்டும் ஏறக்குறைய 25 செ.மீ. வளரும். அஞ்சு வயசுக்கு மேல் அது வருடத்துக்கு 5, 6 செ.மீ. ஆகிவிடும். இருபது வயசுக்கு மேல் வளர்ச்சி நின்றுவிடும். "என் பேரன் இந்த வருஷம் 25 சென்டிமீட்டர் வளர்ந்துட்டான், என் மகன் ஒரு சென்டிமீட்டர்கூட வளரலை, மகனுக்கு ஏதோ கோளாறு டாக்டர்" என்று எந்தத் தாத்தாவும் என்னிடம் வந்ததில்லை.

ஆனால் போன் சிப்பையும் கம்ப்யூட்டர் சிப்பையும் ஒப்பிடும் வீடியோக்களில் பாதி இந்தத் தாத்தா கணக்குதான்.

முதலில் பெரியவர் கதை.

1993ல் இன்டெல் பென்டியம் வந்தபோது வேகம் 60, 66 மெகாஹெர்ட்ஸ். 2000ல் ஏஎம்டியும் இன்டெலும் 1 கிகாஹெர்ட்ஸ், அதாவது 1000 மெகாஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டன. 2002 கடைசியில் பென்டியம் 4, 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது. பத்து வருடத்துக்குள் 45 மடங்குக்கு மேல்! அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வாங்கினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெட்டியைப் பிரிச்சு மேசையில் வைக்கிறதுக்குள்ள அடுத்த மாடல் வந்துடும். அந்த நாட்களில் டெஸ்க்டாப்தான் வருஷத்துக்கு 25 செ.மீ. வளர்ந்த குழந்தை.

2004ல் சுவரில் முட்டிக்கொண்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லியிருந்த இன்டெல், அந்த ஆண்டு அக்டோபரில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அப்போதைய தலைவர் கிரெய்க் பேரட் ஒரு மாநாட்டு மேடையில் விளையாட்டாக முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார்.

காரணம் சூடு. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் 1974ல் ஒரு விதியைக் காட்டியிருந்தார். டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினால் அதற்குத் தேவையான வோல்டேஜும் குறையும். அதனால் அதே இடத்தில் நிறைய டிரான்சிஸ்டர்களை அடைத்தாலும் சூடு ஏறாது. முப்பது வருடம் தொழில் முழுக்க ஓடியது இந்த ஒரு வரத்தின் மேல்தான். 2005 வாக்கில் வோல்டேஜை அதற்கு மேல் குறைக்க முடியவில்லை. டிரான்சிஸ்டர் ரொம்பச் சின்னதானதும், மூடி வைத்தாலும் சொட்டுகிற குழாய் மாதிரி கரண்ட் கசிய ஆரம்பித்தது. அதன் பிறகு வேகத்தை ஏற்றினால் காய்ச்சல்தான்.

சரி, ஒரு மூளைக்குப் பதில் ரெண்டு, நாலு என்று கோர்களைக் கூட்டினார்கள். 2007ல் இன்டெலின் நாலு கோர் கியூ6600 சாதாரண வாடிக்கையாளருக்குக் கிடைத்தது. பத்து வருடம் கழித்து, 2017 ஜனவரியில் வந்த ஐ7 7700கே சிப்பில் எத்தனை கோர்? அதே நாலு.

இதை நான் முதுமை என்று சொல்ல மாட்டேன். இது சோம்பேறித்தனம். எதிராளியான ஏஎம்டி அந்த வருடங்களில் படுத்திருந்தது. போட்டி இல்லாத கடையில் இட்லி சைஸ் குறையும், அவ்வளவுதான். அதே 2017 மார்ச்சில் ஏஎம்டி எட்டு கோர் ரைசனோடு எழுந்து வந்தது. ஏழே மாதத்தில் இன்டெலுக்கும் ஆறு கோர் கொடுக்க முடிந்தது. இந்த மருத்துவ அதிசயத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சின்னவர்.

2007ல் வந்த முதல் ஐபோனின் சிப் 412 மெகாஹெர்ட்ஸ், ஒரே கோர். டெஸ்க்டாப் அந்த வேகத்தைத் தொண்ணூறுகளின் கடைசியிலேயே பார்த்துவிட்டது. அங்கிருந்து போன் சிப் வளர்ந்த வேகத்துக்கு எங்கள் துறையில் ஒரு பெயர் உண்டு: கேட்ச்-அப் குரோத். சத்துக் குறைவால் வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைக்குச் சரியான சாப்பாடு கிடைத்ததும், தன் வயசுக் குழந்தைகளை விட வேகமாக வளர்ந்து இடைவெளியை மூடும்.

போன் சிப்புக்கு அந்தச் சாப்பாடு தயாராக இருந்தது. கட்டளைகளை வரிசையில் நிற்க வைக்காமல், எது தயாரோ அதை முதலில் முடிப்பது ஒரு உத்தி. நம்ம ஓ.பி.யில் ரிப்போர்ட் வந்தவரை முதலில் உள்ளே கூப்பிடுவது மாதிரி. இன்டெல் அதை 1995லேயே பென்டியம் புரோவில் செய்துவிட்டது. பெரிய கேஷ் நினைவகம், பல கோர்கள் எல்லாமே அண்ணன் எழுதி வைத்த நோட்ஸ். தம்பி அதை வாங்கி ஒரே ராத்திரியில் படித்து பாஸ் பண்ணிக்கொண்டிருந்தான். 2013ல் ஐபோன் 5எஸ்ஸில் ஏ7 என்ற 64 பிட் சிப் வந்தபோதுகூட "போனுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சிரித்தவர்கள் உண்டு.

அண்ணனுக்கும் தம்பி தெருவில் விளையாட ஆசை வந்தது. அந்தக் கதையில் நம்ம நாடும் வரும். இன்டெல் ஆட்டம் சிப்போடு உலகிலேயே முதலில் விற்பனைக்கு வந்த ஸ்மார்ட்போன், 2012 ஏப்ரலில் இந்தியாவில் வெளியான லாவா நிறுவனத்தின் சோலோ எக்ஸ்900. விலை 22,000 ரூபாய். எத்தனை பேர் கையில் பார்த்தீங்க? 2016ல் இன்டெல் போன் சிப்பிலிருந்தே விலகிவிட்டது. முதல் ஐபோனுக்குச் சிப் செய்யும் வாய்ப்பு வந்தும், விலை கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டோம் என 2013ல் பதவி விலகும் நேரத்தில் பால் ஒட்டெலினியே ஒரு பேட்டியில் சொன்னார்.

இதுவரை எல்லாம் குரோத் சார்ட்டுக்குள் அடங்கும். அதன் பிறகு நடந்ததுதான் சார்ட்டைத் தாண்டியது.

2020 நவம்பரில் ஆனந்த்டெக் இதழ் ஒரு கணக்குப் போட்டது. அதற்கு முந்தைய ஐந்து வருடத்தில் இன்டெலின் மிகச் சிறந்த ஒற்றைக் கோர் வேகம் கூடியது சுமார் 28 சதவீதம். அதே ஐந்து வருடத்தில் ஆப்பிளின் போன் சிப் கூடியது ஏறக்குறைய 3 மடங்கு. அந்த மாதமே எம்1 சிப் வந்தது. ஃபேன் இல்லாத மெல்லிய மேக்புக் ஏர், ஃபேன் சத்தம் போடும் லேப்டாப்புகள் பலவற்றை முந்தியது. கேட்ச்-அப் குரோத்தில் குழந்தை தன் உயரத்தை எட்டியதும் நிற்க வேண்டும். இந்தக் குழந்தை அப்பா தோளைத் தாண்டியும் வளர்ந்தது.

எப்படி? இதற்கு எம்.பி.பி.எஸ். முதல் வருடப் பாடம் போதும். இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் அனுப்புகிறது என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு, ஒரு துடிப்புக்கு எவ்வளவு ரத்தம். நமக்கு ஓய்வில் 72 துடிப்பு என்றால் மாரத்தான் ஓடுபவருக்கு 50 போதும், ஏனென்றால் ஒவ்வொரு துடிப்பிலும் அவர் இதயம் அதிகம் அனுப்புகிறது. சிப்பிலும் அப்படியே. கிகாஹெர்ட்ஸ் என்பது துடிப்பு எண்ணிக்கை மட்டும். 2020ன் இன்டெல் ஐ9 அதிகபட்சம் 5.3 கிகாஹெர்ட்ஸில் துடித்தது. எம்1 துடித்தது 3.2ல். ஆனால் எம்1 ஒரு துடிப்பில் 8 கட்டளைகளைப் பிரித்து எடுக்கும். அன்றைய இன்டெல், ஏஎம்டி சிப்களுக்கு அது 4, 5. துடிப்பைக் கூட்டினால் சூடு ஏறும். அகலத்தைக் கூட்டினால் இடமும் மூளையும்தான் செலவு.

இன்னொரு காரணம் காசு. உலகத்தில் வருடத்துக்கு 100 கோடிக்கு மேல் ஸ்மார்ட்போன் விற்கிறது. பி.சி. அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். புதுத் தொழிற்சாலை கட்டும் பணம் எங்கிருந்து வருமோ, அங்கேதான் முதல் பந்தி. தைவானின் டிஎஸ்எம்சி போன்களுக்காக 5 நானோமீட்டருக்குப் போனபோது, இன்டெலின் டெஸ்க்டாப் சிப் இன்னும் 14ல் நின்றது. இந்த எண்கள் இன்று பாதி வியாபாரப் பெயர்தான், அளவுகோல் வைத்து அளக்க முடியாது. ஆனால் இடைவெளி நிஜம்.

ஆக, "போன் சிப் வேகமாக வளர்ந்தது" என்பது உண்மை. என் சண்டை அதோடு இல்லை. அதிலிருந்து "அதனால போனே போதும், வருஷா வருஷம் புதுசு வாங்கு" என்று தாவுகிறார்களே, அங்கேதான்.

முதல் விஷயம், அந்த வேகம் இப்போது குறைந்துவிட்டது. 2020ல் 3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இருந்த ஐபோன் சிப் 2024ல் 4ஐத் தொட்டது. அதே வருடம் ஸ்னாப்டிராகன் 8 எலீட் 4.32. கவனிச்சீங்களா? அகலத்தைக் கூட்டி வளர்ந்த பிள்ளை இப்போது துடிப்பைக் கூட்ட ஆரம்பித்திருக்கிறது. பென்டியம் 4 போன பாதை! அந்தப் பக்கம் டெஸ்க்டாப் விழித்துக்கொண்டது. ஏஎம்டி 2020ல் தன் ஜென் 3 வடிவமைப்பில் ஒரு துடிப்புக்கான வேலை 19 சதவீதம் கூடியதாக அறிவித்தது, அடுத்த தலைமுறைகளுக்கு 13, 16 என்று சொன்னது. இரண்டு கோடுகளும் இப்போது ஏறக்குறைய ஒரே சாய்வில் போகின்றன.

இரண்டாவது, எதை வைத்து அளக்கிறோம் என்பது. யூடியூபில் காட்டும் மதிப்பெண் பெரும்பாலும் சில நிமிட ஓட்டம். படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்பதற்காக இதயம் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட முடியுமா? டிரெட்மில்லில் ஏற்றி ஓடவிடுகிறோம் இல்லையா. போனையும் இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். டெஸ்க்டாப் ஐ9 ஒன்று தேவைப்பட்டால் 250 வாட் வரை குடிக்கும். அதைக் குளிர்விக்க முஷ்டி அளவு ஃபேனும் உலோகத் தகடும் உண்டு. போன் தொடர்ந்து தாங்குவது சில வாட். அதற்கு ஃபேன் உங்கள் உள்ளங்கைதான். மே மாதம் மதியம் பீச் ரோட்டில் வெயிலில் நின்று வீடியோ எடுத்துப் பாருங்கள், ஸ்க்ரீன் தானாக மங்கும். ஸ்கூட்டர் ஹேண்டிலில் மேப்பைப் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆர்.ல் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். நாம் வாழ்வது கலிபோர்னியா லேப் இல்லை. கடையில் ஏசியில் பார்த்த வேகம் வேறு, பாண்டி வெயிலில் கிடைக்கும் வேகம் வேறு.

மூன்றாவது ஏமாற்று. சுகர் டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி மட்டும் பத்தியம் இருந்து வரும் பேஷன்ட் எல்லா டாக்டருக்கும் உண்டு. போன் கம்பெனிகளும் இதைச் செய்தன. டெஸ்ட் ஆப் ஓடுகிறது என்று கண்டுபிடித்து, அப்போது மட்டும் வேகத்தை ஏற்றியதாக 2013ல் சாம்சங் கேலக்ஸி எஸ்4 மாட்டியது, 2018ல் ஹுவாவே மாட்டியது. 2022ல் சாம்சங் மறுபடியும், இந்த முறை தலைகீழாக: ஆயிரக்கணக்கான ஆப்களின் வேகத்தை அடக்கிவிட்டு டெஸ்ட் ஆப்களை மட்டும் விட்டுவைத்தது, கீக்பெஞ்ச் அந்த மாடல்களைப் பட்டியலிலிருந்தே தூக்கியது. எங்களிடம் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி இருக்கிறது, ரெண்டு நாள் பத்தியம் அங்கே செல்லாது. போனுக்கு அப்படி ஒரு டெஸ்ட் இன்னும் கடைகளில் பழக்கத்துக்கு வரவில்லை.

பேட்டரியை மறந்துவிடக் கூடாது. 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது: பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை நாங்கள்தான் குறைத்தோம். பேட்டரி மூப்படைந்தால் திடீரென்று அதிக கரண்ட் கேட்கும் நொடியில் வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். அதைத் தடுக்க சிப்பின் உச்ச வேகத்தை அடக்கினார்கள். மருத்துவ ரீதியாக இது சரியான வைத்தியம்தான். பலவீனமான இதயத்துக்கு நாங்கள் பீட்டா பிளாக்கர் கொடுப்பதும் அதன் சுமையைக் குறைக்கத்தான். ஆனால் நோயாளியிடம் சொல்லாமல் கொடுத்தார்கள் பாருங்கள், அதுதான் தப்பு. "போன் ஸ்லோ ஆயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று எத்தனை பேர் போயிருப்பார்கள். அப்புறம் 29 டாலருக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள், 2020ல் அமெரிக்காவில் வழக்கை முடிக்க 50 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டார்கள்.

உங்க போன் மூணு வருஷத்தில் ஸ்லோ ஆனால், முதலில் பேட்டரியையும் காலி இடத்தையும் பாருங்கள். சிப்புக்கு வயசாவதில்லை.

இவ்வளவு சொன்னதும் நான் போன் சிப்புக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். அந்த வேகத்தால் உயிரும் பார்வையும் காப்பாற்றப்படுவதை என் துறையில் பார்க்கிறேன்.

சர்க்கரை நோயாளிகள் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். பெரும்பாலானோர் செய்வதில்லை. பார்வை மங்கினதும்தான் வருவார்கள், அப்போது பாதி வேலை முடிந்திருக்கும். விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் ஏஐக்கு கூகுள் 2016ல் வெளியிட்ட ஆய்வில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் இருந்தன. அன்றைக்கு அது பெரிய சர்வர் வேலை. 2019ல் வெளியான ஒரு மும்பை ஆய்வில், மாநகராட்சி மருந்தகங்களுக்கு வந்த சுமார் 200 சர்க்கரை நோயாளிகளை, பெங்களூரு ரெமிடியோவின் போன் கேமராவில் படமெடுத்து, இன்டர்நெட் இல்லாமல் அந்தப் போனிலேயே ஏஐயை ஓட்டிப் பார்த்தார்கள். மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய யாரையும் அது தவறவிடவில்லை. தேவையில்லாத சிலரையும் அனுப்பச் சொன்னது. ஸ்கிரீனிங்கில் அது ஏற்றுக்கொள்ளக்கூடிய தப்பு.

"இன்டர்நெட் இல்லாமல்" என்ற வார்த்தையை இன்னொரு முறை படியுங்கள். நம்ம யூனியன் பிரதேசம் நாலு துண்டு. காரைக்கால் ஒரு பக்கம், ஏனாம் ஆந்திராவுக்குள், மாஹே கேரளக் கரையில். எல்லா ஊரிலும் விழித்திரை நிபுணரை உட்கார வைக்க முடியாது. பாகூர் பக்கத்துக் கிராமத்திலேயே ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு வர யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். பரிசோதனை அவர்கள் தெருவுக்குப் போக முடிவது இந்தப் போன் சிப்களால்தான். இந்த இடத்தில் எவ்வளவு வேகம் வந்தாலும் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் இதே வாதத்தை வைத்துக்கொண்டு "எல்லாத்தையும் போன்லயே பண்ணிடலாம்" என்று சொல்லும் அதிகாரிகளையும் பார்க்கிறேன். அங்கே எனக்கு உடன்பாடில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பெற்றோர் கேள்விக்குப் பதில். காலேஜ் போகும் பிள்ளைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கையில் ஏற்கனவே ஏதாவது ஒரு போன் இருக்கிறது என்றால், கம்ப்யூட்டர் வாங்குங்கள். காரணம் சிப் இல்லை. பெரிய திரை, கீபோர்டு, ஒரே நேரத்தில் பாடத்தையும் நோட்ஸையும் திறந்து வைக்கும் வசதி. போனில் பார்க்கலாம், படிக்கலாம். புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் கட்டைவிரலால் எழுதும் பிள்ளைகளின் கழுத்து எக்ஸ்-ரேக்கு என்னிடம்தான் வருகிறது. எஸ்.எஸ்.டி.யும் 16 ஜிபி ரேமும் இருந்தால் நடுத்தர சிப்பே நாலு வருடப் படிப்புக்குத் தாங்கும்.

செகண்ட் ஹேண்ட், ரீஃபர்பிஷ்டு வாங்கலாமா? தாராளமாக. ஒரே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறைக்கு மேல் வேண்டும். 6, 7ஆம் தலைமுறை மெஷின்கள் சந்தையில் மலிவாகக் குவிவது இதனால்தான். சிப் நன்றாகவே ஓடும். லினக்ஸ் போடத் தெரிந்த பிள்ளை என்றால் அதுவே லாபம். தெரியாது என்றால் 8க்குக் கீழே வேண்டாம்.

போன்தான் வேண்டும் என்றால் கடைக்காரரிடம் "என்ன பிராசஸர்" என்று கேட்பதை விட "எத்தனை வருஷம் அப்டேட் வரும்" என்று கேளுங்கள். பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு ஏழு வருடம் என்று கம்பெனிகளே சொல்கின்றன. பிரான்ஸிலிருந்து மாமா கொண்டு வந்து கொடுத்த மூணு வருஷப் பழைய நல்ல போன், இன்றைக்கு இ.எம்.ஐ.யில் எடுக்கும் நடுத்தரப் புதுப் போனை விட வேகமாக இருப்பதும் உண்டு.

இப்போது அந்த அதிகாரிகள் விஷயம். நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஓ.பி. கம்ப்யூட்டர் ஆன் ஆகி வருவதற்குள் டோக்கன் வரிசை வாசல் தாண்டிவிடும். அதனால் என்ன ஆகும்? நர்ஸ்கள் தங்கள் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில், நோயாளியின் பெயரையும் நோயையும் வாட்ஸ்அப்பில் போட்டு அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன், வரிசை நகரணுமே. மேலே இருந்து வந்த முடிவு, "கம்ப்யூட்டர் காலம் போயிடுச்சு, எல்லாரும் போன்லயே என்ட்ரி போடுங்க". யார் போனில்? அந்தப் போன் தொலைந்தால், அதை வீட்டில் பிள்ளை எடுத்து விளையாடினால், அந்த நோயாளியின் எச்.ஐ.வி. ரிப்போர்ட் யார் கையில்?

அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தோம். சிப் நாலு கோர் ஐ5, ஓ.பி. சீட்டு அடிக்க அது அதிகம். உள்ளே இருந்தது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரேம். ஒரு சாதாரண எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 4 ஜிபி ரேமும் போட்டோம். நாலைந்து பேர் பங்கு போட்டுக் கொடுத்தது, ஒரு சினிமாவும் பிரியாணியும் ஆகும் செலவு. அடுத்த நாள் காலை நர்ஸ் ஒருத்தர் வந்து கேட்டார்: "சார், புது கம்ப்யூட்டர் எப்ப வந்துச்சு?"